தீப்பெட்டிக்குள் ஒரு சிப்

என் மேசைமேல் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சி இல்லை. தேயிலைப் பைக்கற்றின் உள்பக்கத்து வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு சிப் இருக்கிறது. சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான். கறுப்பு உடம்பு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கால். மேலே அச்சடித்த எண்ணில் பாதி என் பெருவிரல் பட்டே அழிந்துவிட்டது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் ஓட்டியபோதும், கட்டாரில் ஏசி கழுவியபோதும், பிறகு வந்து கரவனெல்லயில் இந்த வாடகை அறையைப் பிடித்துப் பம்ப் திருத்தத் தொடங்கியபோதும் இது என்னோடு வந்தது. பன்னிரண்டு வருஷம். அறைகளை மாற்றினேன், வேலைகளை மாற்றினேன், இந்தத் தீப்பெட்டியை மட்டும் நாலு தடவை மாற்றி, உள்ளே இருப்பதை அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்று அதன் பக்கத்தில் அக்காவின் பழைய கம்ப்யூட்டர் மூடி கழற்றிக் கிடக்கிறது. உள்ளே ஒரு இடம் காலி. அந்த இடத்துக்கென்று வாங்கி, மூன்று நாள் சோதித்த வேறொரு சிப்பும் தயாராக இருக்கிறது. அதை எடுத்து வைக்க வேண்டியதுதான். காலையிலிருந்து கை போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்வதென்றால் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் என் அக்காவின் புருஷன். கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஸ்டோரில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலை. அக்காவும் அங்கேதான், சலிக்கிற அறையில். மச்சான் அதிகம் பேசமாட்டார். எந்த மெஷினையும் ஓடவிடுவதற்கு முன் அதன் உடம்பில் இரண்டு தடவை தட்டுவார், தூங்குகிற ஆளை எழுப்புவதுபோல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அதன் பிறகு கொழும்பில் ஒரு டிவி திருத்தும் கடையில் இரண்டு வருஷம் கூட்டிப் பெருக்கி, கடைசி ஆறு மாதம் ஈயம் உருக்கி ஒட்டும் சொல்டர் பிடித்தேன். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தில் எல்லோரும் என்னைப் பெரிய ஆளாக நினைத்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை. பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தை நடத்திய துரை ஒருவர் மாற்றலாகிப் போனபோது பங்களாச் சாமான் அறையில் விட்டுப்போன பொருள் அந்தக் கம்ப்யூட்டர். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற ஒரு பெரிய கொப்பி அளவு, ரப்பர் பொத்தான்கள், டிவியில் மாட்டினால் படம் தெரியும், கசெட்டில் எழுதிவைத்துக் கசெட்டிலிருந்தே வாசிக்கும். துரையின் மகன் சிறுவனாக இருந்தபோது விளையாடியது. மச்சான் அதைக் கேட்டு வாங்கி, கூட இருந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியை வைத்து ஒரு வருஷம் வாசித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு ஒலகத்துல புருஷன்மாரு சாராயத்தோட கெடப்பாங்க. எனக்கு வாச்சது பொட்டியோட கெடக்குது" என்பாள்.

அந்தப் பெட்டிக்கு வேலை வந்தது மலையால். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள், ஒரு மழைக்காலம் முடிந்தபின் நிலம் வெடித்திருந்தது. முதலில் கைநுழையும் அளவு, அடுத்த வருஷம் கால் நுழையும் அளவு. ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். சிவப்பு மை பூசிய முளை இரண்டு அடித்தார்கள். வேறு இடம் தருவோம், அதுவரைக்கும் மழை கூடினால் இறங்கி ஸ்டோருக்குப் போய்விடுங்கள் என்றார்கள். மழை கூடினால் என்றால் எவ்வளவு கூடினால்? சிங்கராஜாக் காட்டின் ஓரத்தில் மழை என்பது எப்போதும் கூடித்தான் இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் இறங்கினால் அந்தப் பதினெட்டுக் குடும்பமும் வருஷத்தில் பாதி நாள் ஸ்டோரில்தான் இருக்க வேண்டும்.

மச்சான் மழையை எண்ண ஒரு வழி செய்தார். ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை இரண்டை ஒரு ஊஞ்சல் பலகையின் இரு முனையில் ஒட்டினார். மழைத் தண்ணீர் ஒரு சிரட்டையில் நிறைந்ததும் பலகை சாயும், தண்ணீர் கொட்டும், மறு சிரட்டை மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடும். கம்ப்யூட்டர் அதை எண்ணும். ஒரு நாளைக்கு நூறு சாய்வு என்று மச்சான் கோடு போட்டார். நூறு தாண்டினால் அது விடாமல் கத்தும். ஆனால் அவருடைய மூளை வேறொன்றில் இருந்தது. கரண்ட் போய்விட்டால்? மெஷின் கெட்டுவிட்டால்? கத்த வேண்டிய நேரத்தில் கத்தாமல் போனால் யாருக்குத் தெரியும்? அதனால், எல்லாம் சரியாக இருக்கும்போது கால் மணிக்கு ஒருதரம் அது ஒரு சின்னச் சத்தம் போடும்படி எழுதினார். கோயில் திருவிழாவுக்கு வாங்கிய குழாய் ஸ்பீக்கரைத் தோட்டத் தலைவரிடம் கெஞ்சி வாங்கி லயத்துக் கூரையில் கட்டினார். லயத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்:

"சத்தம் வந்துக்கிட்டே இருந்தா பயப்படாதீங்க. விடாம கத்துனா எறங்கிருங்க. சத்தமே நின்னுருச்சுன்னா, அப்பயும் எறங்கிருங்க."

"நின்னா என்னாத்துக்கு எறங்கணும்?" என்று ஒரு கிழவர் கேட்டாராம்.

"நின்னா நமக்கு ஒன்னும் தெரியாதுன்னு அர்த்தம். தெரியலன்னா எறங்கணும். அவ்வளவுதான்."

தவளைச் சத்தம் என்று பேர் வைத்தார்கள். அம்மன் பாட்டுப் பாடிய குழாயில் தவளை கத்துகிறது என்று சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதத்தில், அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுப்பை விட்டு மனம் வேறு வேலைக்குப் போகும் என்ற நிலை வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள்.

அந்த மெஷினில் இந்தத் தீப்பெட்டியில் இருப்பதுபோன்ற சிப் எட்டு உண்டு. ஓர் எண்ணை எட்டுத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொள்ளும். எட்டுப் பேர் தூக்கிப் போகிற மரம் மாதிரி, ஒருவன் கையை விட்டால் மரம் கீழே. பழைய சாதி, சீக்கிரம் சாகும். மச்சான் போனில் கேட்டதால் நான்தான் கொழும்பில் ஒரு கடையில் தேடி, எட்டுப் பழைய சிப் வாங்கி, பஸ்சில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினேன். "ஈரம் மட்டும் படக்கூடாது மச்சான். ஈரம் பட்டா கால் துரு ஏறிரும்" என்று போனில் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்த அவ்வளவையும் முழு உறுதியோடு சொன்னேன்.

நான் தோட்டத்துக்குப் போனது அதற்கு எட்டு மாதம் கழித்து, கித்துல்கலயில் வெள்ளைக்காரர்களுக்குப் படகு சுமக்கிற வேலை மழையால் நின்றபோது. அதற்கு முந்திய கிழமைதான் தவளை இரண்டாவது தடவை பொய் சொல்லியிருந்தது. முதல் தடவை விடியற்காலை சத்தம் நின்றது. பதினெட்டுக் குடும்பமும் பிள்ளைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஸ்டோர் வாசலில் நனைந்து நின்றது. மலை அசையவில்லை. ஒரு சிப் செத்திருந்தது. மச்சான் நான் அனுப்பியதில் ஒன்றைப் போட்டார். ஒரு மாதத்தில் அதுவும் செத்தது, சோறு வடிக்கிற நேரத்தில். மறுபடி இறங்கினார்கள். மறுபடி மலை அசையவில்லை. அதற்குப் பதிலாக மச்சான் போட்ட இன்னொன்று ஓடவே இல்லை. நான் தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவும்போது ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏன் தம்பி, ஒங்க மச்சான்கிட்ட சொல்லு. இன்னொருக்கா அந்தத் தவள வாய மூடுச்சுன்னா நாங்க எறங்க மாட்டோம். அவரு வேணும்னா பொட்டிய மடியில வச்சுக்கிட்டு எறங்கட்டும்."

பக்கத்தில் இருந்தவள், "சும்மா இரு, போன தடவ நீதான மொதல்ல ஓடுன, பாவாடையோட" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அடுத்த தடவை மெஷின் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு அடுத்த தடவை, மலை உண்மையாகவே அசையும்போது, யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

மிச்சமிருந்த ஆறு சிப்பையும் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். மச்சான் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். "நீ ஈரம் படக்கூடாதுன்னு சொன்னியே மாப்ள. வீட்டுல உப்பு கரஞ்சு ஓடுது, சப்பாத்துல காளான் மொளைக்குது. தோட்டத்துலயே காஞ்ச எடம் ஒன்னுதான் இருக்கு" என்றார். போய் நின்றது சலிக்கிற அறை. உலர்ந்த தேயிலை வந்து விழுகிற இடம். ஒரு ஈரக் காற்றைக்கூட உள்ளே விடமாட்டார்கள். சுவரில் ஒரு அலுமாரி. அதற்குள் சோறு கட்டுகிற பிளாஸ்டிக் லஞ்ச் சீட்டில் பொதிந்து, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாக வைத்திருந்தார். அலுமாரிக்குக் கையெட்டும் தூரத்தில் நார் பிடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தேயிலைக்குள் கலந்த நாரையும் குச்சியையும் எடுக்க அந்த மெஷினில் பிளாஸ்டிக் உருளைகள் இருக்கும். கம்பளித் துணியில் உரசி உரசிச் சுழலும். அந்த உரசலில் பிறக்கிற மின்சாரம் நாரை இழுத்து உருளையில் ஒட்டவைக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்குவோமே, அதே வித்தைதான், ஆனால் நாள் முழுவதும். அந்த அறையில் நின்றால் கைமயிர் எழும்பும். இரும்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். "பேய் கடிக்குது தம்பி, பாத்து" என்று அக்காவின் கூட்டாளிகள் என்னிடம் சிரித்தார்கள். நான் கையை இழுத்துக்கொண்டு அலுமாரியைப் பார்த்தேன். இந்த மாதிரி சிப்புக்கு ஈரத்தைவிடப் பெரிய எமன் அந்தச் சுள்ளென்ற அடிதான். கொழும்புக் கடையில் முதலாளி சிப்பைத் தொடுமுன் தண்ணீர்க் குழாயைத் தொடுவார். ஏன் என்று நான் அப்போது கேட்டதில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, அந்த உருளைக்குப் பக்கத்தில், எட்டு மாதம். போகிற வருகிற ஆள் எல்லாம் அலுமாரியைத் தொட்டிருப்பார்கள்.

மச்சானிடம் சொன்னேன். அவர் உருளையைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். "இத நானே வாரத்துக்கு ரெண்டு தடவ கழட்டிப் பூட்டுறேன்" என்றார். "நாரை இழுக்குற சாமான் இதையும் இழுக்கும்னு எனக்குத் தோணல பாரு." என்னைக் குறை சொல்லவில்லை. ஈரம் மட்டும் என்று சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஆறில் நாலு செத்தே போயிருந்தன. ஒன்று பத்து நிமிஷம் ஓடி நின்றது. கடைசி ஒன்று மட்டும் ஒரு முழுப் பகல் ஓடியது. ஆனால் அடிபட்ட சிப் உடனே சாகாது, நல்ல ஆள் மாதிரி நடமாடி ஒரு நாள் விழும் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் வேறொன்றும் இருந்தது. கொழும்பில் அந்த எட்டையும் வாங்கியபோது கடைக்காரர், "தெகம எக்காய் மல்லி" என்று, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, கொஞ்சம் பிந்திய காலத்துச் சிப் ஒன்றையும் தந்திருந்தார். அதே பதினாறு கால், அதே உருவம். ஆனால் ஒன்றில்லை. பழையது மூன்று விதமான கரண்ட் சாப்பிடும், அதில் ஒன்று பன்னிரண்டு வோல்ட். புதியது ஐந்து வோல்ட் மட்டும் சாப்பிடும். அப்படியே வைத்தால் பன்னிரண்டு வோல்ட் அதன் வயிற்றில் இறங்கிக் கருகிவிடும். மூன்று காலை வெளியே வளைத்து, இரண்டு காலுக்கு வேறு கம்பி இழுத்தால் ஓடும். செய்யலாம். நான் செய்ததில்லை, முதலாளி செய்ய ஒருதரம் பார்த்திருந்தேன். எந்தக் கால் எது என்பதில் ஒன்று பிசகினாலும் போயிற்று. கூட இருக்கும் ஏழும் போகலாம்.

அன்று முழுவதும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை. அக்கா தேத்தண்ணீர் வைத்துவிட்டு, "புதுசு இருக்கையில ஏன் தம்பி பழசையே தடவிக்கிட்டு இருக்க?" என்றாள். மச்சான், "அவன் வேல அது, அவன் சொல்லட்டும்" என்றார். அவர் அப்படி என்மேல் பாரத்தை வைத்தது என்னை இன்னும் பயமுறுத்தியது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. சொல்லவில்லை. பழையதை வைத்தேன். யோசித்து முடிவு செய்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில், வைத்தவுடனே கருகினால் என் கைக் குற்றம் எல்லோருக்கும் தெரியும், பிறகு எப்போதாவது செத்தால் சிப்பின் குற்றம் என்று ஆகும். அந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் பின்நேரம் மூன்று மணி இருக்கும். மலையில் வேலை இல்லை, எல்லோரும் லயத்தில்தான். டிவித் திரையில் எண்ணிக்கை அறுபத்திரண்டு. நூறுக்கு இன்னும் தூரம். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபத்திரண்டு கண் முன்னாலேயே உடைந்து கோடு கோடாகப் போனது. அடுத்த கால் மணி வந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு ஒரு வீட்டு வாசல் இஸ்தோப்பிலிருந்து ஒரு குரல், "தவள செத்துருச்சு டோய்!" சிரிப்பு. யாரும் எழும்பவில்லை. நான் மச்சானிடம், "சிப்புதான் மச்சான். மலையில ஒன்னும் இல்ல. போய் சொல்லிருவோம்" என்றேன். அவர் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எத்தன?"

"அறுவத்திரண்டுல நின்னுருச்சு."

"அது அப்ப. இப்ப எத்தன?"

நான் வெளியே சிரட்டைகள் இருந்த பக்கம் பார்த்தேன்.

மச்சான் டிவியின் வயரைப் பிடுங்கினார். உர பேக் ஒன்றைக் கிழித்து அதன் மேல் போட்டு, டிவியைத் தலையில் தூக்கினார். அக்காவிடம் பிள்ளைகளின் புத்தகப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரையும் கூப்பிடவில்லை. லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், எல்லா வாசலையும் கடந்து, அவசரமில்லாமல் நடந்தார். அந்த மழையில் டிவியை வெளியே எடுப்பவன் பைத்தியக்காரன். மச்சான் பைத்தியக்காரர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வாசலில் ஒருவன், "என்னா பிட்டரய்யா, டிவிக்குக் குளிப்பாட்டா?" என்றான். மச்சான், "நீங்க இருங்க. நான் எறங்குறேன்" என்று மட்டும் சொன்னார். பின்னால் அக்கா. அதன் பின்னால், மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான். அதற்குள் பீலியில் என்னிடம் சொன்ன அந்தப் பெண் தன் டிவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "அனே, இந்த மனுசனால ஒரு நாள் எங்களுக்கு சன்னி வரப்போவுது" என்று திட்டிக்கொண்டே வந்தாள். அவள் வந்த பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

ஸ்டோருக்குள் அவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. லொறியில் கல் கொட்டுவது போல், ஆனால் நிற்காமல். வெளிச்சம் இன்னும் இருந்தது. போய்ப் பார்த்தபோது மேல் லயத்தின் கடைசி ஆறு காம்பரா வீடும், அக்காவுடையதும் சேர்த்து, இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் நின்றன, மேலே இருந்தபடியே வரிசையாக. இரண்டு ஆடும் கோழிகளும் போயின. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

மெஷின் காப்பாற்றியது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கோயிலில் அதற்கு மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். நான் கோயில் பக்கம் போகவில்லை. மெஷின் ஒவ்வொரு நாளும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். மலை முந்திய மூன்று நாளையும் சேர்த்தல்லவா குடித்திருக்கிறது. நான் நல்ல சிப்பை வைத்திருந்தால் தவளை கால் மணிக்கு ஒருதரம் ஒழுங்காகக் கத்தியிருக்கும். அறுபத்தைந்து, எழுபது, பயப்படாதீர்கள். அக்கா அடுப்படியில் இருந்திருப்பாள்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் தெரியும்" என்றார். செத்த சிப்பைக் கழற்றி வெள்ளித்தாளில் சுற்றி என் கையில் வைத்தார். "சிப்புனால நின்னுச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாத மாப்ள. சொன்னா அடுத்த தடவ எறங்க மாட்டாங்க." பிறகு எட்டையும் புதிதாக வாங்கிப் போட்டு, நாலு நாள் மழையைச் சேர்த்து எண்ணும்படி கசெட்டில் திருத்தி எழுதினார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அந்தக் கிழமையே பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு வருஷம் சொல்லவில்லை. மச்சான் போன வருஷம் நெஞ்சு வலியில், இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போனார். அக்கா இப்போது மகளோடு புதுசாகக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். அதற்குப் பின்னாலும் ஒரு மலை இருக்கிறது. மெஷின் மூன்று மாதமாக ஊமை. போன கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். மழைக்கு முன்னால் வேண்டும் என்றாள். போனில் எச்சரிக்கை வருகிறதே அக்கா என்றேன். "வருது. வராதப்ப, மழையில்லாம வரலையா, சிக்னல் இல்லாம வரலையான்னு எப்பிடித் தெரியும்?" என்றாள். மச்சானின் குரல்தான். அவளிடம் அன்றைய கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. நீ எப்ப சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "புதுசப் போடு. நின்னா நாங்க எறங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போனாள்.

தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்து நல்ல சிப்பை எடுத்தேன். பதினாறு காலையும் இரண்டு தடவை எண்ணினேன். அமுக்கினேன். கசெட்டைப் போட்டு, மெஷின் உடம்பில் இரண்டு தடவை தட்டினேன். ஒரு கால் மணி. வெளியே ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன, தூறல் தொடங்கியிருக்கிறது. தவளை கத்தியது. தீப்பெட்டியை மூடி மேசை லாச்சிக்குள் போட்டேன். கதவுக்குப் பக்கத்தில், காலில் மாட்டிக்கொள்ள, என் சப்பாத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அடுத்த கால் மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது.